பொய்யைச் சொன்ன இடம்

"எனக்கு அகந்தை அதிகமா இருக்கும்மா. அதை ஒழிக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

சொன்னவருக்கு அறுபது வயது. பெயர் நல்லபெருமாள். கல்மடை என்ற ஊரின் குளத்துக்கு இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தலைவர்.

கேட்டவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பெயர் உலகம்மை. மலையிலிருந்து இறங்கும் ஓடையின் ஓரத்தில் நான்கு கூரை வீடுகள் போட்டு, ஏழெட்டு மாணவர்களோடு வாழ்ந்துவந்தார். அப்போது அவர் மாட்டைக் கட்டுவதற்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"அகந்தை இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார்.

"கோயில்ல முதல் மரியாதை எனக்குத்தான். வருஷா வருஷம் தலையில பரிவட்டம் கட்டுறாங்க. கட்டும்போது உடம்பெல்லாம் சுடுது. அது அகந்தை இல்லாம வேற என்ன?"

உலகம்மை கயிற்றை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"சுடுதா?"

"சுடுதும்மா."

"சரி, இருங்க."

மறுபடியும் கயிறு திரிக்கத் தொடங்கினார். நல்லபெருமாளை மாணவராகச் சேர்த்துக்கொண்டது அவ்வளவுதான்.

அவருக்கு எந்த வேலையும் சொல்லப்படவில்லை. அவரே தேடிக்கொண்டார்.

விடிந்ததும் தொழுவத்துச் சாணத்தை இரு கையாலும் அள்ளினார். பந்தியில் கடைசியில் உட்கார்ந்தார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டார். நேற்று வந்து சேர்ந்தவரைக் கண்டாலும் கைகூப்பினார். நடக்கும்போது கண் தரையிலேயே இருந்தது. நாளாக நாளாக முதுகே சற்று வளைந்துபோயிற்று.

மாணவர்களில் திருவேங்கடம் என்று ஒருவர். கோயிலில் பதிகம் பாடும் குடும்பத்தில் பிறந்தவர், நல்ல குரல், இளகிய மனசு. அவருக்கு நல்லபெருமாளைக் கண்டாலே கண் கலங்கும். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு பணிவு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்வது நல்லபெருமாள் காதிலும் விழும். அவர் இன்னும் கொஞ்சம் குனிவார்.

மூன்று மாதம் ஆயிற்று.

"அம்மா, குறைஞ்சிருக்கா?"

"எது?"

"அகந்தை."

"கன்னுக்குட்டி கீரைப்பாத்தியில நிக்குது," என்றார் உலகம்மை. "போய் ஓட்டுங்க."

ஆறாவது மாதத்தில் ஒன்று நடந்தது.

மலைச்சரிவில் அவர்களுக்குச் சிறிய வயல் இருந்தது. அடுத்த விதைப்புக்கான நெல்லை ஒரு மண்குதிரில் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒருநாள் மதியம் யாரோ குதிரின் மூடியைத் திறந்தவர் மூடாமல் விட்டுவிட்டார். மேலே கூரையில் ஓட்டை. சாயங்காலம் பெய்த மழை நேராக நெல்லில் இறங்கியது.

மறுநாள் காலையில் உலகம்மை எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். குதிரின் மூடியைத் திறந்தது யார் என்று கேட்டார்.



நல்லபெருமாள் முன்னால் வந்தார். தலை குனிந்திருந்தது. கைகள் கூப்பியிருந்தன.

"நான்தாம்மா."



"நேத்து மதியம் நீங்க என்கூட மலையில புல்லறுத்துக்கிட்டு இருந்தீங்க."

நல்லபெருமாள் இன்னும் தாழ்ந்த குரலில், யாரோ ஒருத்தர் எல்லார் முன்னாலயும் வெட்கப்படுவதற்குப் பதில் தானே பட்டுவிட்டால் என்ன என்று தோன்றியதாகச் சொன்னார்.

பின்வரிசையில் ஒரு விசும்பல் கேட்டது. திருவேங்கடம் ஓடிவந்து நல்லபெருமாளின் காலில் விழுந்தார். திறந்தது தான்தான் என்றும், பயத்தில் வாய் வரவில்லை என்றும், இப்படி ஒரு மனிதரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும் சொல்லி அழுதார்.

"அழுதா நெல் காயாது," என்றார் உலகம்மை. "எடுத்து வெயில்ல பரப்புங்க. எல்லாரும் போங்க. இவர் மட்டும் இருக்கட்டும்."

போனார்கள்.

முற்றத்தில் இருவர் மட்டும் நின்றார்கள். நல்லபெருமாள் பாராட்டை எதிர்பார்த்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் திட்டு விழும் என்றும் அவர் நினைக்கவில்லை.

"அடுத்தவர் தப்பை இவ்வளவு லேசா எடுத்து உங்க தலையில வெச்சுக்கிட்டீங்க," என்றார் உலகம்மை. "உங்க தப்பை யார் தலையில வெச்சீங்க?"

நல்லபெருமாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்தது. பிறகு சொன்னார். ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

கல்மடைக் குளத்தின் தென்கோடியில் மறுகால் இருக்கிறது. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி அது. வரிசையாகக் கல்தூண்கள், தூண்களுக்கு நடுவில் மரப்பலகைகள். பலகையைப் போட்டால் குளத்தில் தண்ணீர் ஏறும். எடுத்தால் இறங்கும். தலைவர் சொல்லாமல் அந்தப் பலகையை யாரும் தொடக்கூடாது என்பது ஊர்க்கட்டு. பலகையைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் பெயர் சங்கிலி.

அந்த வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் சங்கிலி நனைந்துகொண்டே தலைவர் வீட்டுக்கு வந்தார். நாலு பலகையை எடுத்துவிடலாம் என்றார். நல்லபெருமாள் மறுத்துவிட்டார். முந்தின வருடம் தண்ணீர் போதாமல் இரண்டாம் பயிர் கருகியிருந்தது. இந்த வருடம் குளத்தைக் கழுத்துவரை நிரப்பிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

மதியம் சங்கிலி மறுபடி வந்தார். வடகரையில் மண் இளகுகிறது என்றார்.

"குளத்துக்குத் தலைவன் நானா நீயா" என்று கேட்டு அனுப்பிவிட்டார் நல்லபெருமாள்.

அன்று சாயங்காலத்துக்குள் வடகரை உடைந்தது. பதினொரு வீடுகள் போயின. மூன்று உயிர்கள் போயின. அதில் ஒன்று நாலு வயதுப் பெண் குழந்தை.

எட்டாம் நாள் ஊர்ச்சபை கூடியது. பலகையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள்.

"உண்மையைச் சொல்லணும்னுதாம்மா போனேன்," என்றார் நல்லபெருமாள். "நான் உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. வீடு போனவங்ககூட நின்னாங்க. அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு புரளலை. எடுக்கச் சொன்னேன், சங்கிலி எடுக்கலைன்னு சொல்லிட்டேன்."

"சங்கிலி என்ன சொன்னார்?"

"ஐயா அப்படிச் சொல்லலைன்னான். ஒரே ஒரு தடவை சொன்னான். யாரும் காதுல வாங்கலை."

சங்கிலியை அன்றைக்கே ஊரைவிட்டு விலக்கினார்கள். மனைவியையும் தாயையும் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். அதன் பிறகு நல்லபெருமாள் ஒரு வருடம் கரையிலேயே நின்று, உடைந்ததை முன்பைவிடப் பலமாகக் கட்டினார். அதற்காகத்தான் ஊர் அவருக்கு முதல் மரியாதை கொடுத்தது.

சொல்லி முடித்தபோது அவருடைய வேட்டி முனை கசங்கி நூல் பிரிந்திருந்தது. அதைத்தான் அத்தனை நேரமும் பிசைந்துகொண்டிருந்தார்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன அகந்தைதாம்மா," என்றார். "அன்னைக்கு அது இல்லாம இருந்திருந்தா..."

"அது அகந்தை இல்லை."

"பின்ன?"

"அன்னைக்கு உங்ககிட்ட ஒரு பிடி அகந்தை இருந்திருந்தா, இன்னொரு மனுஷர் முதுகுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிருப்பீங்களா?"

நல்லபெருமாள் தலையைத் தூக்கினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர் உலகம்மையின் கண்ணை நேராகப் பார்த்தார். கோபம் வந்ததுபோல் இருந்தது. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

பிறகு, போய்ச் சங்கிலியின் காலில் விழுகிறேன் என்றார்.

"பொய்யை அவர் கால்கிட்டயா சொன்னீங்க?"

"இல்லை."

"எங்க சொன்னீங்க?"

நல்லபெருமாள் எழுந்து நின்றார்.

உலகம்மை உள்ளே போனார். நல்லபெருமாளின் மாற்றுவேட்டியையும் துண்டையும் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். ஓடைவரை கூடவே நடந்து வந்தார். ஓடையில் அன்று தண்ணீர் முழங்காலளவு ஓடியது. அவர் அக்கரை ஏறும்வரை பார்த்திருந்துவிட்டுத் திரும்பினார்.

இரண்டு நாள் நடந்து நல்லபெருமாள் வீடு வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி ஆவுடையாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலையில் ஊர்ச்சபையைக் கூட்டச் சொல்லியிருப்பதாக நல்லபெருமாள் சொன்னார். என்ன விஷயம் என்று ஆவுடையாள் கேட்கவில்லை. கணவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

காலையில் குளித்து வந்தபோது பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் பலகைமேல் இருந்தது.

பழையதே போதும் என்றார் நல்லபெருமாள்.

"நல்லதையே கட்டிக்கிட்டுப் போங்க," என்றார் ஆவுடையாள். "போறது நல்ல காரியத்துக்குத்தானே."

நல்லபெருமாள் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டார்.

கோயில் முன்மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நல்லபெருமாள் படியேறியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க," என்றார். "நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. அதுக்கப்புறமும் எந்திரிக்கணும்னு தோணினா எந்திரிங்க."

உட்கார்ந்தார்கள்.

அவர் சொன்னார். சங்கிலி காலையில் வந்ததைச் சொன்னார். மதியம் வந்ததைச் சொன்னார். தான் திருப்பி அனுப்பியதைச் சொன்னார். பிறகு இதே மண்டபத்தில், இதே தூணருகில் நின்று சொன்ன பொய்யைச் சொன்னார். குரலைத் தாழ்த்தவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.



சபைத் தலைவர் கூத்தபிரான் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லபெருமாளின் வயதுதான் அவருக்கும். ஊரைப் பார்த்துப் பேசினார். மலையடிவாரத்தில் ஆறு மாதம் இருந்ததில் நம் தலைவர் ஒரு மகானாகிவிட்டார் என்றார். ஊரில் நடந்த பழிபாவம் எல்லாவற்றையும் தானே சுமப்பதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்றார்.

கூட்டத்தில் பலர் கைகூப்பினார்கள். இரண்டுபேர் காலில் விழுவதற்கே எழுந்துவந்தார்கள்.

நல்லபெருமாள் இரண்டடி பின்வாங்கினார். முகம் சிவந்துவிட்டது.

"தொடாதீங்க," என்றார். "இது பெரிய மனசும் இல்லை, ஒண்ணும் இல்லை. இது என் தப்பு. நான் செஞ்சது. என்கிட்ட இருந்து இதைப் பிடுங்காதீங்க."

அப்போதும் கூத்தபிரான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பார்த்தீர்களா, எவ்வளவு பணிவு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஆவுடையாள் எழுந்தார்.

அந்த மண்டபத்தில் அவர் அதுவரை பேசியதே இல்லை. பக்கத்தில் இருந்தவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். ஆவுடையாள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"சங்கிலி அன்னைக்கு ரெண்டு தடவை வந்தாரு," என்றார். "ரெண்டாவது தடவை வந்தப்போ நான் வாசல்ல நின்னேன். குளத்துக்குத் தலைவன் நானா நீயான்னு கேட்டு இவுக திருப்பி அனுப்பினதை என் காதால கேட்டேன். ஏழு வருஷமா நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். தீர்ப்பு சொல்லும்போது எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க."

கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

யாரோ ஒரு வசைச்சொல் சொன்னார்கள். இன்னொருவர் எழுந்து, துண்டை உதறிவிட்டு வெளியே போனார்.

வெள்ளத்தில் குழந்தையைப் பறிகொடுத்த வெயிலுகந்தாள் எழுந்து நடுமண்டபத்துக்கு வந்தாள். நல்லபெருமாளுக்கு எதிரில் நின்றாள்.

"என் மக பேரு ஞாபகம் இருக்கா?"

"செல்லக்கிளி."

வெயிலுகந்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அவளைத் தனியாக விட்டுவிட்டதுபோல் ஆகும் என்று அவருக்குத் தோன்றியது.

அவள் சபையின் பக்கம் திரும்பினாள்.

"ஏழு வருஷமா நான் சங்கிலியைத்தான் சபிச்சேன். தினம் விளக்கேத்தும்போது சபிச்சேன். முதல்ல அவரைக் கூப்பிட்டு வாங்க. நான் அவர்கிட்ட பேசணும்."

தீர்ப்பு சொல்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நல்லபெருமாளின் தலைமைப் பதவி போயிற்று. முதல் மரியாதை போயிற்று. வருடந்தோறும் மழைக்கு முன்னால் கரைக்கு மண் போடும் வேலையில், உடம்பில் தெம்பு இருக்கும்வரை, அவர் கூடை சுமக்க வேண்டும் என்றார்கள். ஆவுடையாளுக்கு என்ன சொல்வது என்று சபைக்குத் தெரியவில்லை. தானும் மண் சுமப்பதாக அவரே சொல்லிவிட்டார்.

சங்கிலியை மரியாதையோடு திரும்ப அழைத்துவருவது என்று முடிவாயிற்று. யார் போவது?

"நான் போறேன்," என்றார் நல்லபெருமாள்.

மூன்று நாள் நடையில் கடற்கரை. அங்கே ஒரு உப்பளத்தில் சங்கிலி வேலை செய்துகொண்டிருந்தார். குளத்தில் நீரைக் காத்தவர் இப்போது பாத்தியில் நீரை வற்றவிட்டு உப்பு வாரிக்கொண்டிருந்தார். கால்விரல் இடுக்குகளில் புண். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது.

வரப்பில் வந்து நின்றவரை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. உப்பு வாரும் வாருகோலைக் கீழே வைக்கவில்லை.

"ஊர் உங்களைக் கூப்பிடுது," என்றார் நல்லபெருமாள்.

"எதுக்கு?"

"சபையில உண்மையைச் சொல்லிட்டேன்."

சங்கிலி ஒரு பாத்தி உப்பை முழுதாக வாரி முடித்தார்.

"எல்லாரும் இருந்தாங்களா?"

"எல்லாரும் இருந்தாங்க."

"வெயிலுகந்தா?"

"இருந்தா."

வாருகோல் நின்றது. சங்கிலி கடலின் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பிறகு அவர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். தாய் சாகும்வரை தினமும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாளாம். திரும்பப் போய் ஊரிடம் நடந்ததைச் சொல்லேண்டா என்று. ஒரு தடவை சொல்லியாயிற்று, உண்மையை ரெண்டாம் தடவை சொல்லிக் கெஞ்ச என்னால் முடியாது என்று இவர் சொல்லிவந்தாராம்.

"ஊருக்கு உண்மை தெரிஞ்சதைக் கேக்காமலே அவ போயிட்டா," என்றார் சங்கிலி. "அதுக்கு நீங்க என்ன செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது."

காற்று அடித்தது. உப்புக் குவியலின்மேல் போட்டிருந்த ஓலை படபடத்தது.

"மன்னிப்புக் கேக்க மாட்டீங்களா?"

வழி நெடுக நல்லபெருமாளின் நாக்கு நுனியில் இருந்தது அதுதான். அவர் அதைச் சொல்லவில்லை.

"கேட்டா, குடுக்கிறதா வேண்டாமான்னு நீங்க யோசிக்கணும். அந்தச் சுமையும் எதுக்கு உங்களுக்கு?"

சங்கிலி திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாருகோலை வரப்பில் சாய்த்துவைத்துவிட்டு, மனைவியைக் கூப்பிடக் குடிசைக்குப் போனார்.

திரும்பும் வழியில் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முதல் நாள் நல்லபெருமாள் பத்தடி பின்னால் நடந்தார். இரண்டாம் நாள் சங்கிலி நின்று, அவர் வந்து சேர்ந்ததும் சொன்னார்.

"பின்னால குனிஞ்சுக்கிட்டு வராதீங்க. பக்கத்துல வாங்க. உங்களை இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

ஊர் எல்லையில் மேளம் காத்திருந்தது. கூத்தபிரான் சங்கிலியின் தலையில் பரிவட்டம் கட்டினார். வெயிலுகந்தாள் வந்து சங்கிலியிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. சங்கிலி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மறுகால் மறுபடி அவர் பொறுப்புக்கு வந்தது. பலகையை எடுக்க இனி அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றும் சபை சொன்னது.

மறு வருடம் புரட்டாசியில் கரைக்கு மண் போடும் வேலை நடந்தது.

அந்த வழியாக உலகம்மை தெற்கே போய்க்கொண்டிருந்தார். கூடத் திருவேங்கடமும் இன்னும் இரண்டு மாணவர்களும். பாதை குளத்தங்கரைமேல்தான்.

கரைச்சரிவில் நாற்பதுபேர் வரிசையாக மண் சுமந்துகொண்டிருந்தார்கள். திருவேங்கடம் வரிசையின் நடுவில் நல்லபெருமாளைக் கண்டுகொண்டார். தலையில் கூடை. தோளெல்லாம் செம்மண். மார்பு நிமிர்ந்திருந்தது. அவருக்கு இரண்டு ஆள் பின்னால் ஆவுடையாள், அதே நடையில்.

நல்லபெருமாளும் அவர்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் நிற்க வேண்டும். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

திருவேங்கடத்துக்கு மனசு ஆறவில்லை.

"நேத்து வந்தவரைக்கூடக் கும்பிட்ட மனுஷர்மா அவர். இன்னைக்கு உங்களையே கும்பிடலை. நடையைப் பாருங்க."

"தலையில கூடையோட எப்படிக் குனியிறது?" என்றார் உலகம்மை.

"கூடையைக் கொட்டிட்டு வரும்போதும் அப்படித்தான் வர்றாரு."

"ஆமா. அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

உலகம்மை கரையில் அப்படியே நின்றார். நல்லபெருமாள் மண்ணைக் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பி வந்தார். எதிரில் வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள் என்றும் இல்லை, இடித்துக்கொண்டு போனார்கள் என்றும் இல்லை. ஒருவர் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார்.

உலகம்மையின் மாணவர்கள் பல வருடமாக அவரோடு இருப்பவர்கள். அவர் தன் மேலாடையைச் சரிசெய்துகொண்டு ஒரு மனிதரை நோக்கிக் கைகூப்பி அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இன்று நல்லபெருமாள் வரிசையில் கலந்து மறையும்வரை அவருடைய கூப்பிய கை இறங்கவில்லை.

திருவேங்கடத்துக்கு இன்னும் ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்த மனிதரை ஊர் இப்போது என்னவென்று சொல்கிறது?

மறுகாலில் நரைத்த தலையோடு ஒருவர் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சங்கிலி என்று பக்கத்தில் இருந்தவர் கூப்பிட்டதில் தெரிந்தது. திருவேங்கடம் அவரிடம் போனார். தெரியாதவர் போலக் கேட்டார்.

"அங்க நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போறாரே, அந்தப் பெரியவர் யாருங்க?"

சங்கிலி கையைப் புருவத்துக்குமேல் வைத்து, கண்ணைச் சுருக்கிக் கரையைப் பார்த்தார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவரா?"

பலகையை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினார்.

"எங்க ஊர்க்காரர்."